கீபோர்டை ஆஃப் பண்ணின ராத்திரி

கல்ச்சுரல்ஸ்ல ஆர்கனைசிங் டீம்ல இருந்திருக்கீங்களா? இருந்தா இது தெரிஞ்சிருக்கும். மூணு நாளும் மேடைக்குப் பின்னாடி ஓடிக்கிட்டே இருப்போம்; ஒரு ஷோ கூட முழுசா பார்த்திருக்க மாட்டோம். எனக்குப் புனித வாரம் அப்படித்தான்.

நாகர்கோவில் பக்கத்துல எங்க ஊர். எட்டாவது படிக்கும்போதுலருந்து பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு. குருத்து ஞாயிறு பவனி, பெரிய வியாழன் பாதம் கழுவுறது, பெரிய வெள்ளி, சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு. திருவிழிப்புல பழைய ஏற்பாட்டு வாசகங்களே ஏழு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிலுரைப் பாடல். இந்த வருஷம் ப்ராஜெக்ட் ரிவ்யூவும் பக்கத்துலயே வந்துச்சு. ஆர்டுயினோ போர்டையும் பாட்டு நோட்டையும் ஒரே பையில போட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

உண்மையைச் சொன்னா, ஓடுறது எனக்கு வசதியா இருந்துச்சு. மார்ச்ல மூணாவது இன்டர்வியூவும் போச்சு. அன்னைலருந்து நான் ஜெபம் பண்ணலை. கோயில்லயே கிடந்தேன், ஆனா கடவுள்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சும்மா உட்கார்ந்தா கேள்வி வரும். வாசிச்சுக்கிட்டே இருந்தா வராது. புதன் ராத்திரி ப்ராக்டிஸ் முடிஞ்சு வந்ததும், "சாப்பிடுறியா?"ன்னு கேட்ட அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். "கோயிலுக்குப் போயிட்டு வர்ற லட்சணமா இது?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

வியாழன் பூசையில 'வானவர் கீதம்' பாடும்போது எல்லா மணியும் அடிக்கும். அதுக்கப்புறம் சனி ராத்திரி வரைக்கும் மணியே கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவாங்க. கீபோர்டுக்கும் சட்டம் உண்டு. பாட்டுக்குத் துணையா மட்டும் வாசிக்கலாம், தனியா வாசிக்கக் கூடாது. உங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். ஆனா என் வேலையில பாதி, இடைவெளியை நிரப்புறதுதான். ஃபாதர் நடந்து வர லேட்டானா நாலு கார்டு. காணிக்கை எடுத்து முடியலைன்னா இன்னும் நாலு. அன்னைக்கு எதையும் நிரப்ப முடியாது.

பூசை முடிஞ்சதும் நற்கருணையைப் பக்கத்துப் பீடத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நடுப் பீடத்துல துணி கூட இருக்காது. கீபோர்டை ஆஃப் பண்ணி மூடி வெச்சேன். நள்ளிரவு வரைக்கும் தெருவாரியா ஒவ்வொரு அன்பியமும் ஒரு மணி நேரம் விழிச்சிருக்கணும். கெத்சமனித் தோட்டத்துல இயேசு தவிச்சுக்கிட்டிருந்தப்போ சீடர்கள் தூங்கிட்டாங்க, நாமளாவது விழிச்சிருப்போம்ங்கிறதுதான் கணக்கு.

எங்களுக்குப் பத்துலருந்து பதினொண்ணு. சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்தேன். ஒரு மாசமா தள்ளி வெச்ச கேள்வியைக் கேட்டுட்டேன்: "எனக்கு மட்டும் ஏன் கிடைக்கலை?" பதில் வரலை. கொஞ்சம் அழுகை வந்துச்சு. அப்புறம் தூங்கிட்டேன்.

ஆமா, அந்தச் சீடர்கள் மாதிரியேதான்.

கண் முழிச்சப்போ அடுத்த அன்பியம் உட்கார்ந்திருந்துச்சு. என் மேல ஒரு பழைய சால்வை. பக்கத்துல எங்க தெருப் பாட்டி. "எழுப்பியிருக்கலாம்ல பாட்டி"ன்னேன், வெட்கமா இருந்துச்சு.

"அவரு முன்னாடிதான தூங்குன, மக்ளே. அதுக்கென்ன?"

அப்புறம் பைபிள்ல எலியா கதையைத் திரும்பப் படிச்சேன். செத்துப்போனா போதும்னு பாலைவனத்துல ஒரு செடிக்குக் கீழ படுத்தவர். கடவுள் முதல்ல அவருக்கு அட்வைஸ் பண்ணலை. தூங்க விட்டார், அப்பமும் தண்ணியும் அனுப்பினார், மறுபடி தூங்க விட்டார். குழந்தை தெரசம்மாளும் ஜெபத்துல தூங்கிடுவாங்களாம். தூங்குற பிள்ளையையும் அப்பா அம்மாவுக்குப் பிடிக்கும்தானேன்னு சமாதானம் சொல்லிக்கிட்டதா தன் வரலாற்றுல எழுதியிருக்காங்க.

சனிக்கிழமை பகல்ல பூசை கிடையாது. காலியான கோயில்ல அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துட்டு, வீட்டுக்குப் போய் அம்மாகூட சாப்பிட்டேன். புதன்கிழமைக்கு மன்னிப்பும் கேட்டேன். "மீன் குழம்பு போதுமா?"ன்னு கேட்டாங்க.

ராத்திரி மணி அடிச்சப்போ ஒரு கார்டு தப்பா விழுந்துச்சு. ரிவ்யூ சுமார். வேலை இன்னும் கிடைக்கலை. இப்பல்லாம் ஃபாதர் நடந்து வர லேட்டானா நான் நிரப்புறதில்லை. பாடகர் குழு அண்ணன்தான் முறைக்கிறார்.