இடப்பக்கம் போன குண்டுகள்

போன மாதம் பேரன் என்.சி.சி. முகாமிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "தாத்தா, அஞ்சு குண்டும் இடப்பக்கமே போயிடுச்சு. இனிமே துப்பாக்கியைத் தொடமாட்டேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1969-ல் எனக்கும் இதே கதை. பிரெஞ்சு வழியில் பிரெவே முடித்துக் கல்லூரியில் சேர்ந்த புதிது. பாயிண்ட் டூ டூ ரைபிள், 25 கஜ தூரம், குப்புறப் படுத்துச் சுட வேண்டும். "இடது கண்ணை மூடு" என்பார் பயிற்சியாளர். எனக்கு அதை மட்டும் தனியாக மூட வராது. வலதும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். இரண்டையும் திறந்துவைத்துச் சுட்டேன். எல்லாம் இடப்பக்கம். "கண்ணு தெரியாதவனா நீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். போலீஸ் வேலைக்கு மனுப் போடும் ஆசையை அன்றே விட்டேன். பிறகு 36 வருடம் குமாஸ்தா நாற்காலிதான்.

காரணம் தெரிந்தது ஓய்வுபெற்ற பிறகு, கண்புரை அறுவைக்குப் போனபோது. கையில் பழக்கக்கை இருப்பதுபோல் கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளும் என்றார் டாக்டர். பிரெஞ்சில் 'ஓய் திரெக்தர்', வழிகாட்டும் கண். பெரும்பாலோருக்கு அது வலது. எனக்கோ கை வலது, கண் இடது. துப்பாக்கி வலது தோளில் இருக்க, குறி பார்ப்பது இடது கண் என்றால் குழல் இடப்பக்கம் திரும்பத்தானே செய்யும்?

பிரான்சில் சொல்தாவாக இருந்த மாமா கொண்டுவந்த கேமராவிலும் இதே தொல்லை. பார்க்கும் துவாரம் இடது ஓரத்தில். வலது கண்ணை வைத்தால் மூக்கு வெளியே நிற்கும். நான் இடது கண்ணை வைப்பேன், மூக்கு நசுங்கும். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாணம் கிடையாது.

பேரனை மாடிக்கு அழைத்துப்போனேன். இரண்டு கண்ணையும் திறந்தபடி, நீட்டிய கட்டைவிரலால் கோயில் கோபுரக் கலசத்தை மறைக்கச் சொன்னேன். வலது கண்ணைப் பொத்தினான். விரல் அங்கேயே இருந்தது. இடது கண்ணைப் பொத்தியதும் கலசம் வெளியே வந்துவிட்டது. திருநள்ளாற்றில் எல்லோரும் சனிப்பார்வைக்குப் பயப்படுவார்கள்; எங்கள் வீட்டில் இடது கண் பார்வை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கிப் போட்டிகள் நடந்தது ஷாத்தொரூவில். நம் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய இடம். துருக்கியின் யூசுப் டிகேச் இரண்டு கண்ணையும் திறந்தே சுட்டு வெள்ளி வாங்கினார். பலர் ஒரு கண்ணுக்கு முன்னால் சின்னப் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அகலம் 30 மி.மீ.க்கு மேல் கூடாதாம். அந்தப் படங்களைப் பேரனுக்குக் காட்டினேன்.

"சாரிடம் முதலில் கேட்டுக்கொள்" என்று சொல்லி, அவன் மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிக் கொடுத்தேன். போன ஞாயிறு அட்டையோடு வந்தான். மூன்று குண்டு நடுவட்டத்துக்குப் பக்கத்தில். மற்ற இரண்டும் பழையபடி இடப்பக்கம்தான். அட்டையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.