முதலுதவியும் முதற்சொல்லும்

உயிர்காக்கும் பணியில் கைக்குக் கிட்டும் பயிற்சி நாவுக்குக் கிட்டுவது அரிது. முறிந்த எலும்பை எவ்வாறு கட்டுவது, மூச்சடைத்தவருக்கு எவ்வாறு காற்றூட்டுவது என்பனவற்றைப் பலமுறை செய்துகாட்டிப் பழக்குகிறார்கள். ஆனால், தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முனைந்த ஒருவரிடம் எதைப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்பது பெரும்பாலும் அவரவர் இயல்புக்கே விடப்படுகிறது.

நம் சகோதரியின் மகன் அவசர ஊர்தியில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறார். ஒருநாள் இரவுப்பணி முடிந்து நம் இல்லம் வந்தவர், தேநீர் ஆறிப்போகும்வரை பேசாதிருந்தார். பிறகு, "மாமா, இரத்தம் வழிந்தால் எங்கே அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ‘என்னை ஏன் காப்பாற்றினீர்கள்?’ என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தரவில்லை" என்றார். நீ என்ன சொன்னாய் என்று வினவினோம். "ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனை வாசல்வரை அந்த அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தேன்" என்றார்.

அவர் செய்தது சரியே. எனினும், அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக ஒருவரைப் பழக்க இயலுமா என்று அறிய விழைந்தோம். இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1983இல் கனடா நாட்டின் அல்பெர்ட்டா மாநிலத்தில் இதற்கெனவே இரண்டு நாள் பயிற்சியொன்று உருவாயிற்று. ‘அசிஸ்ட்’ என்னும் பெயரால் அது பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று. மனநல மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய கல்வியன்று அது. ஆசிரியர், காவலர், அவசர ஊர்திப் பணியாளர் எவரும் கற்கலாம். துயருற்றவரின் குறிப்பை உணர்தல், சாக எண்ணுகிறீர்களா என்று நேராகக் கேட்டல், குறுக்கிடாது செவிமடுத்தல், அடுத்த சில நாள்களைப் பாதுகாப்பாகக் கடக்க வழிவகுத்தல், தக்கவரிடம் ஒப்படைத்தல் என்பனவே இத்தகைய பயிற்சிகளின் சாரம்.

நேராகக் கேட்பதா என்று நம்மில் பலர் திடுக்கிடக்கூடும். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் ஊட்டியதாகிவிடாதா என்பது பழைய அச்சம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடையே ஆய்வு செய்து, இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று 2005இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவரிடம் அந்த எண்ணம் மிகவில்லை. மனத்துள் பூட்டிவைத்ததை ஒருவர் அஞ்சாமல் கேட்கிறாரே என்ற ஆறுதலே பலருக்கும் உண்டாகிறது.

எதைச் சொல்லலாகாது என்பதும் கற்க வேண்டியதே. "இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா?" என்னும் சொல் அறிவுரைபோல் ஒலிக்கும், கேட்பவர் நெஞ்சிலோ அது இன்னொரு குற்றப்பத்திரிகையாகவே பதியும். உறவினர் சூழ்ந்திருக்க உண்மை வெளிவராது. ஆகவே, அவர்களைச் சற்றே விலகியிருக்கச் செய்து, தாழ்ந்த குரலில் கேட்பதும் பயிற்சியால் வருவதே.

உண்மை மறைவதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை என்றிருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. வழக்குக்கு அஞ்சி, தவறுதலாக நேர்ந்தது என்று வீட்டார் கூறுவர். சிகிச்சையும் அதனால் தடம்மாறும். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவரென்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. பணியாளர் இதனை அறிந்திருந்தால், "அஞ்சாதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்" என்று துணிந்து கூறலாமன்றோ?

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்போர் மற்றோர் ஆய்வையும் அறிதல் நலம். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆய்வில் நம் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் மூன்று நகரங்களும் சேர்ந்திருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதியினருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடல்; பின்னர் 18 மாதங்களில் 9 முறை நலவிசாரிப்பு. 2008இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவினரில் 2.2 விழுக்காட்டினர் பின்னர்த் தற்கொலையால் மாண்டனர். மறுபிரிவில் அது 0.2 விழுக்காடு மட்டுமே. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மீண்டும் மீண்டும் கேட்ட மனிதர்களே இருந்தனர்.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாக அரசின் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது. முயன்று பிழைப்போர் தொகை இதனினும் பன்மடங்கு. அவர்களுள் பலரை முதலில் தொடும் கை அவசர ஊர்திப் பணியாளருடையதே. அந்தக் கைகளும் களைப்புறும். காப்பாற்ற இயலாதுபோன முகங்களைச் சுமந்து வீடு திரும்பும் அவர்களையும், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். நல்ல பயிற்சி இதனையும் தன் பாடத்தில் சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊர்களில் சங்கங்களும் ஜமாஅத்துகளும் நன்கொடை திரட்டி அவசர ஊர்தி வாங்கிவிடுவதைக் காண்கிறோம். போற்றத்தக்க பணி. வண்டிக்குப் பொருள் சேர்ப்போர், அதில் ஏறப்போகும் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கும் சிறிது ஒதுக்குவார்களாக! 14416 என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணை வண்டியின் உட்புறத்தில் எழுதிவைப்பார்களாக! படுத்திருப்பவர் கண்ணில் அது படட்டும். அருகில் அமர்ந்திருப்பவரும் அதைத் தமக்கெனக் குறித்துக்கொள்ளட்டும்.