மாமாவின் சட்டை மணம்

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கொழும்புக்குச் சாறன் கொண்டுபோன மாமா இரவு பஸ்ஸில் திரும்பி வந்தால், கண்ணைத் திறக்காமலேயே கண்டுபிடித்துவிடுவேன். அவருடைய சட்டையிலிருந்து மூன்று மணம் வரும். ஒன்று அத்தர். இன்னொன்று புதுச் சாறனின் கஞ்சி மணம். மற்றது சிகரட். வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் அவரைக் காண்போம். அதனால் அந்தச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிய இரவுகள் எனக்கு நிறைய உண்டு. அந்த மணத்தை ஒரு நாள் நானே வாசலில் நிறுத்துவேன் என்று நினைத்ததில்லை.

சென்ற வருடம் என் ராத்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாள் நிறைய ஒரு மாதம் இருக்கும்போதே வந்துவிட்டான். நிறை 2 கிலோ 100 கிராம். மூச்சு எடுக்கச் சிரமப்பட்டதால் 11 நாட்கள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். மச்சான் அவனுக்குப் பாங்கு சொன்னதுகூடக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்துதான். ராத்தா அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள்.

டிக்கட் வெட்டும் நாளில் வைத்தியர் இரண்டு விடயங்களை அழுத்திச் சொன்னார். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்பது முதலாவது. வெளியில் புகைத்துவிட்டு வருபவர்களும் அப்படியே பிள்ளையைத் தூக்கக் கூடாது, உடுப்பை மாற்றி, கையும் முகமும் கழுவிய பிறகுதான் தூக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவது எல்லோருக்கும் விளங்கியது. இரண்டாவதைக் கேட்டு உம்மா யோசித்தா.

"வெளியில குடிச்சா புகை காத்தோட போயிரும்தானே?"

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். அதனால் அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. தேடிப் படித்தபோதுதான் புகை அப்படி முழுவதும் போய்விடுவதில்லை என்று தெரிந்தது. புகைப்பவர் உள்ளே இழுப்பது முதலாவது புகை. பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாவது. புகை கலைந்த பிறகும் உடுப்பிலும் தலைமுடியிலும் தோலிலும் மெத்தையிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். அந்த மிச்சத்தில் முக்கியமானது நிக்கொட்டின். அது காற்றில் உள்ள நைத்திரசு அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைத்திரோசமைன்களாக மாறுகிறது என்பதை 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். புகைத்து முடித்த பிறகும் சில நிமிடங்களுக்கு அந்த மூச்சோடு புகையின் மிச்சம் வெளியே வந்துகொண்டிருக்கும்.

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை வரை விடுகிறது. அதன் தோல் மெல்லியது. நாம் தோளில் போட்டால் அதன் மூக்கும் வாயும் நம் சட்டையில்தான் படும். கொஞ்சம் வளர்ந்ததும் கையில் அகப்பட்டதை எல்லாம் அது வாயில் வைக்கும். மூச்சுக்காகவே 11 நாள் போராடிய பிள்ளைக்கு இது சின்ன விடயம் அல்ல.

படித்தது சரி. அதைச் சொல்லிய விதம்தான் பிழைத்துவிட்டது.

பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாள் அஸருக்குப் பிறகு மாமா வந்தார். கையில் சீனி, பால்மா, குழந்தைச் சவர்க்காரம். முன் மண்டபம் நிறைய மாமிமார், சாச்சிமார், பக்கத்து வீட்டார். மாமா ஸலாம் சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

"எங்க என்ட மருமகன்? தா மகள், பாப்பம்."

பிள்ளை என் கையில் இருந்தான். அந்தப் பழைய மணம் வந்தது. நான் ஒரு அடி பின்னால் போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"மாமா, சிகரட் மணக்குது. தர ஏலா."

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. மாமா நீட்டிய கையை மெதுவாக மடக்கி, சாறனில் துடைத்துக்கொண்டார். "சரி மகள், சரி" என்று சிரித்தார். கொண்டுவந்த பையைக் கதிரையில் வைத்தார். தேத்தண்ணி வருமுன்பே போய்விட்டார்.

அன்று இரவு உம்மா என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னா. "நீ நிக்கிற இந்த வீட்டக் கட்டினது ஆரு எண்டு தெரியுமா?"

எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மருதமுனை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உம்மம்மாவின் வீடும் தறிகளும் போனபோது, மாமாதான் மறுபடியும் கடன் பட்டுத் தறி போட்டு, தன் தங்கச்சிக்கு இந்த வீட்டையும் எழுப்பிக் கொடுத்தவர். அவருடைய கையை நான் சபையில் வைத்து வெறுங்கையாக மடக்க வைத்துவிட்டேன்.

ஐந்து நாட்கள் மாமா வரவில்லை. ஐந்தாம் நாள் உம்மம்மா அவர் சொன்னதைக் கொண்டுவந்தா. "சாம்பிராணிப் புகைக்குள்ள புள்ளயக் காட்டுற ஆக்களுக்கு, என்ட சட்டதானா கண்ணுல பட்டிச்சி?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் உம்மம்மா சாம்பிராணிச் சட்டியை வைத்து அவனுடைய தலைமுடியைக் காய வைப்பா. உம்மாவின் காலத்திலும் எங்கள் காலத்திலும் அப்படித்தான். அதை நான் ஒரு நாளும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேன். "சாம்பிராணியும் புகைதானே மகள். அதுவும் இந்தப் பிள்ளைக்குக் கூடாது" என்றார். உம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சட்டியைக் கழுவி, குசினிப் பரணில் ஏற்றி வைத்தா. "அவன் மூச்ச விட இது பெரிசா" என்றா. எண்பது வயது நெருங்கும் ஒருவர் தன் வழக்கத்தை இவ்வளவு இலேசாக விட்டுக்கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாவின் தறிக் கொட்டிலுக்குப் போனேன். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாமா அங்கே இல்லை. வெளியே, கொட்டிலிலிருந்து நல்ல தூரத்தில், முருங்கை மரத்தடியில் நின்று சிகரட் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதைக் காலில் போட்டு மிதித்தார்.

"மாமா, அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால அப்படிச் சொன்னது பிழ. மன்னிச்சிக்கோங்க."

"அது கிடக்கட்டும் மகள். புள்ள எப்படி?"

"நல்லம் மாமா. சாம்பிராணியையும் நிப்பாட்டிட்டம்."

அவர் தலையை ஆட்டினார். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஏன் மாமா இவ்வளவு தூரத்தில நிக்கிறீங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை.

"தறிக்குக் கிட்ட நிண்டு குடிக்கலாமா? நூல்ல மணம் புடிச்சா லேசில போகாது. கடக்காரன் சாறன மணந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவான்."

சொல்லி முடித்ததும் அவரே நின்றுவிட்டார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்த நைத்திரோசமைனை எல்லாம் விட, அவருடைய தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அதிகம்.

வீட்டுக்கு வந்து ராத்தாவும் நானும் ஓர் ஒழுங்கு செய்தோம். வாசல் பைப்படியில் சவர்க்காரமும் துவாயும் வைத்தோம். விறாந்தை ஆணியில் கழுவிய சட்டைகளும், பெண்களுக்குப் பெரிய தாவணிகளும் தொங்கவிட்டோம். பிள்ளையைத் தூக்க வரும் எல்லோரும் கை, முகம் கழுவி, மேலுடுப்பை மாற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரிக்கவில்லை. மச்சானும் செய்தார், நானும் வகுப்பு விட்டு வந்து செய்தேன். கணவர் புகைக்கும் வீட்டுப் பெண்களின் அபாயாவிலும் அந்த மிச்சம் இருக்கும்தானே. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றபோது யாருடைய முகமும் வாடவில்லை. "தொழ முன்னுக்கு வுளூ எடுக்கிற மாதிரித்தான்" என்று உம்மம்மாவே வருபவர்களுக்கு விளங்கப்படுத்தினா.

பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டவர்கள் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். பக்கத்தில் தொழுபவருக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பதற்காக, ஆகுமான உணவின் வாடைக்கே அவ்வளவு கவனம். பேசவும் விலகவும் தெரியாத ஒரு பச்சைப் பிள்ளைக்கு நாம் எவ்வளவு கவனம் எடுக்க வேண்டும்?

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்திருக்கிறது. ஆனால் பிள்ளை பார்க்க வருபவரின் சட்டையைப் பார்க்க எந்த அதிகாரியும் வீட்டுக்கு வரமாட்டார். அதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னது போல அல்ல. தனியாக, முன்கூட்டியே, கழுவிய ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

21ஆம் நாள் அகீகா கொடுத்தோம். மாமா வந்தார். ஸலாம் சொல்லிவிட்டு நேரே பைப்படிக்குப் போனார். கை, முகம் கழுவினார். தலையையும் நனைத்துத் துவட்டினார். ஆணியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, சம்மணம் கட்டி உட்கார்ந்தார். நான் பிள்ளையை அவருடைய மடியில் வைத்தேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். மாமாவின் கண் கலங்கியிருந்தது.

சட்டையை மாற்றுவதும் கழுவுவதும் ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. முழுப் பாதுகாப்பு புகைப்பதை விடுவதில்தான் இருக்கிறது. மாமா இன்னும் விடவில்லை. அன்று சாப்பிட்ட பிறகு ரோட்டுப் பக்கம் போய் ஒன்று குடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் திரும்பி வந்தவர் பிள்ளையைக் கேட்கவில்லை. விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தின மாமா?" என்று கேட்டேன். "முந்தி பத்து. இப்ப ஆறு" என்றார்.

அவன் நடக்கத் தொடங்கும்போது அந்த எண்ணிக்கை எதுவுமில்லாமல் போக வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். அவனும் ஒரு நாள் மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்க வேண்டும். அந்தச் சட்டையில் அத்தரும் கஞ்சியும் மட்டும் மணக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ்.