சாந்திநிகேதனத்தில் ஒரு புதன்கிழமை

சாந்திநிகேதனத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் கவி தாகூரை நினைந்து செல்வர். நான் சென்றதோ ஓய்வு பெற்ற ஒரு சமையற்காரரைக் காண. அதற்குக் காரணமாக அமைந்தது என்னுடைய பிழை ஒன்று. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பயணத்தைத் தொடங்க முடியும்.

வங்காளத்துச் சிறு நகரம் ஒன்றின் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக எட்டு ஆண்டுகளாகக் காலந்தள்ளி வருகிறேன். பத்தாவது வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். அந்நகரத்தில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பிற்பகல், எத்தியோப்பியா தேசத்து இளைஞர் ஒருவர் என் ஜன்னலில் கல்கத்தாவுக்கு டிக்கெட் வாங்கினார். வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றிருந்தனர். நான் வாய் திறவாமல் விரலால் காட்டினேன். விரல் காட்டிய திசையில் இரண்டு நடைமேடைகள் இருந்தன. சிறிது நேரத்தில், அவர் தவறான நடைமேடையில் நிற்பது என் இருக்கையிலிருந்தே தெரிந்தது. எழுந்து சென்று சொல்லியிருக்கலாம். வெளியே நின்ற சுமை தூக்குவோரில் ஒருவரையாவது அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. அவர் கண்ணெதிரிலேயே வண்டி புறப்பட்டுப் போயிற்று.

வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குப் பாத்திரத்தோடு ஒரு முதியவர் இருந்தார். பல்கலைக்கழக விடுதியில் எடுபிடி வேலை பார்ப்பவராம். வங்காளத்தில் தந்தையின் தம்பியைக் 'காகா' என்று அழைப்பர். (இங்கு வந்த புதிதில் யாரோ காகாவைக் கூப்பிட, என் மகள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்!) அந்தக் காகாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எத்தியோப்பியருக்கு வங்காளி தெரியாது. எனினும் பாத்திரத்திலிருந்த சோறும் முட்டையும் இருவருக்கும் இடையே பங்காகிக்கொண்டிருந்தன.

விஷயத்தைக் காகாவிடம் கேட்டறிந்தேன். நூற்றெண்பது நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டு மாணவர், வந்த 14 நாட்களுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் கணினி வழியாகவே மனுச் செய்ய முடிகிறது. ஆயினும் சிலரை நேரில் வரச் சொல்வதுண்டு. இந்த இளைஞரை மறுநாள் காலை கல்கத்தாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று பன்னிரண்டாம் நாள். தம் அறைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு மாணவருக்கும் பதினான்காம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பதாகக் காகா சொன்னார். எவரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் நாள் தப்பிப்போய் அழுததைப் பார்த்தாராம். அன்று தொடங்கிய வழக்கம்.

அன்றிரவு வண்டியில் காகாவே உடன் சென்று, காரியத்தை முடித்து, மறுநாள் மாலை இளைஞரைத் திரும்ப அழைத்து வந்தார். அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறகு நாங்கள் நண்பர்களானோம். "என் மைத்துனன் சாந்திநிகேதனத்தில் விடுதிச் சமையற்கூடத்தில் இருந்தவன். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவன். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் காகா. இவ்வாறுதான் மாசி மாதத்தில், என் வாராந்தர ஓய்வு நாளான ஒரு புதன்கிழமையன்று, மனைவியோடும் மகளோடும் போல்பூருக்குப் புறப்பட்டேன்.

சாந்திநிகேதனத்துக்கு இறங்க வேண்டிய நிலையம் போல்பூர். 1941 ஜூலையில் நோயுற்ற தாகூர் கடைசி முறையாகக் கல்கத்தாவுக்குப் பயணம் செய்த ரயில் பெட்டியை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரயில்வேக்காரனாகையால் நான் அதன் முன் அதிக நேரம் நின்றுவிட்டேன், மனைவி கடிந்துகொண்டாள். நிலையத்திலிருந்து 'டோட்டோ' எனப்படும் மின்சார ரிக்ஷாவில் ஏறினோம். மண் சிவப்பு; காற்றில் மாம்பூ மணம்.

அங்கே புதன்கிழமை விடுமுறை நாள் என்பது எனக்குத் தெரியாது. உலகமெல்லாம் ஞாயிறன்று ஓய்ந்திருக்க, விசுவபாரதி புதனன்று ஓய்ந்திருக்கிறது. காலையில் 'கண்ணாடிக் கோயில்' என்று மக்கள் கூறும் உபாசனை மண்டபத்தில் பிரார்த்தனை நடக்கிறது. கட்டடங்களுக்குள் புக இயலாமல் வெளியிலிருந்தே பார்த்தோம். அதனால் குறையொன்றும் இல்லை. நான் தேடிப்போன மனிதர் வீட்டிலேயே இருந்தார்.

இவ்விடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863இல் இந்நிலத்தைப் பெற்றார். இங்கிருந்த ஏழிலைப்பாலை மரத்தடியில் தியானம் செய்தார் என்பர். பட்டமளிப்பு விழாவில் மாணவருக்கு ஏழிலைப்பாலை இலையைத் தருவது இவ்விடத்து மரபு. 1901இல் தாகூர் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே சமஸ்கிருதம் பயில ஹோரி என்னும் ஜப்பானிய இளைஞர் வந்து சேர்ந்தார். 1921இல் விசுவபாரதி தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி வந்தார். சீன அறிஞர் தான் யுன்‑ஷானின் முயற்சியால் 1937இல் சீன பவனம் திறக்கப்பட்டது. இலங்கையின் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் இங்கே பயின்றவர். 1951இல் இது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2018இல் வங்கதேச பவனமும் எழுந்தது. 2023இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் உள்ளவை. என் மனமோ அந்த ஜப்பானிய இளைஞரையே சுற்றிவந்தது. 1902இல், குழாய் நீரும் மின்விளக்கும் இல்லாத இந்தப் பொட்டலில், அவருக்கு முதல் வேளைச் சோறு பரிமாறியவர் யாராக இருக்கும்?

காகாவின் மைத்துனர் எங்களைத் திண்ணையில் அமர்த்தித் தேநீர் கொடுத்தார். "முதல் பத்து நாள் கடுகெண்ணெய் வாடை அவர்களுக்கு ஆகாது. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுஞ்சோறும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். இரண்டாம் மாதம் அவர்களே மீன் குழம்பு கேட்பார்கள்" என்றார். என் மனைவி தலையசைத்தாள். வங்காளத்துக்கு வந்த முதல் மாதம் கடுகெண்ணெயோடு அவள் பட்ட பாட்டை நம் இல்லத்தரசிகளுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னவற்றுள் என்னை அதிகம் வருத்தியது துர்க்கா பூஜை விடுமுறையைப் பற்றியது. பூஜைக் காலத்தில் வங்காளமே வீடு திரும்பிவிடும். சமையற்கூடம் மூடும், அலுவலகம் மூடும். ஊருக்குப் போக இயலாத வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளற்ற விடுதியில் ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பார்கள். "நாங்கள் நாலு பேர் முறை வைத்து ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டுக்கு அழைத்துப் போவோம். பூஜைக்கு வந்த விருந்தாளி என்றுதான் கணக்கு." தீபாவளிக்கு ஊர் செல்ல விடுப்புக் கிடைக்காமல் அயலூரில் தனித்திருந்த நம்மவர் எத்தனை பேர்! அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொன்றும் சொன்னார். வங்கதேசத்து மாணவர் இவரோடு இவர் தாய்மொழியிலேயே பேசுகிறார். ஆயினும் சட்டப்படி அவர் அயல்நாட்டார், பதிவு செய்தாக வேண்டும். தட்டுத்தடுமாறி வங்காளி பேசும் எனக்கோ எந்தப் பதிவும் வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தமிழர் சென்னையில் படிக்க வந்தாலும் இதே கதைதான் என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

ஒரு கலாசாலை உலகக் கலாசாலை ஆக வேண்டுமென்றால், அயல்நாட்டுப் பேராசிரியர்களை வரவழைப்பதும் ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவதும் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை வேண்டியவையே. ஆனால், வந்திறங்கிய மாணவர் முதல் மாதத்தில் பேராசிரியரை எத்தனை முறை பார்ப்பார்? வாயிற்காவலரை நாள்தோறும் பார்க்கிறார். விடுதிக் குமாஸ்தாவிடமிருந்து இருப்பிடச் சான்று பெற வேண்டும். அயல்நாட்டார் தங்கிய செய்தியை 24 மணி நேரத்துக்குள் விடுதி தெரிவித்தாக வேண்டும். மருந்து கொடுப்பவர், நூலக உதவியாளர், கட்டணம் வாங்குபவர் என்று அவருடைய நாட்கள் இவர்கள் கையில்தான் கழிகின்றன.

பெயர் விஷயம் ஒன்றே போதும். விண்ணப்பத்தாளில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். எத்தியோப்பியருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தம் பெயருக்குப் பின் தந்தையின் பெயரை எழுதுவர். பர்மியருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஜாவாத் தீவினர் பலருக்கு ஒரே சொல்தான் பெயர். குமாஸ்தா தம் மனம்போல் எதையாவது நிரப்பினால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர். விசா நீட்டிப்பு அங்கே தடைப்படும். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அதில் உள்ளபடியே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுத ஐந்து நிமிஷம் ஆகும். என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது அந்தக் கட்டத்துக்கு எதைச் சொல்வதென்று தெரியாமல் விழித்தவன் நான். நம்மில் விழிக்காதவர் யார்?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வெளிநாட்டு மாணவர் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்கிறது. நல்லது. அதில் அமரப்போகிறவருக்குப் பயிற்சி வேண்டாமா? ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டத்தின் கீழ், பேராசிரியர்கள் மட்டுமின்றி அலுவலகப் பணியாளர்களும் வேற்றுநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, இரண்டு நாள் முதல் இரண்டு மாதம் வரை தங்கி வேலை பழகுகிறார்களாம். காகாவை அப்படி அனுப்புவார் யார்? அனுப்ப வேண்டாம், அவர் வட்டமிட்ட நாட்காட்டியை அலுவலகச் சுவருக்கு மாற்றினாலே பெரும் உபகாரம்.

குமாஸ்தா என்றால் இளக்காரமாக எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. தாகூர் குடும்பத்து ஜமீன் கச்சேரியில் அலுவல் பார்த்த ஹரிசரண் பந்தோபாத்தியாயரைத் தாகூர் சாந்திநிகேதனத்துக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டார். 1905 அளவில் தொடங்கி ஏறக்குறைய நாற்பதாண்டுகள் உழைத்து வங்காளிக்கு ஒரு பேரகராதியை ஆக்கி முடித்தவர் அவர்.

மாலை வண்டியில் திரும்பினோம். மறுநாள் என் ஜன்னல் கண்ணாடியில், எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஆங்கிலத்திலும் வங்காளியிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். மேலதிகாரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் அந்த எத்தியோப்பிய இளைஞர் முன்பதிவுக்கு வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்து, "இதில் தங்கள் தந்தையார் பெயர் எது?" என்று கேட்டேன். இரண்டாவது சொல்லைத் தொட்டுக் காட்டினார். என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் காட்டி, "முதலில் நிற்கும் இந்த ஓர் எழுத்து என் தந்தையார்" என்றேன். அது எதன் சுருக்கம் என்று கேட்டு, முழுப் பெயரையும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வரிசையில் அவருக்குப் பின் நின்றவர் இருமினார். நான் டிக்கெட்டை அச்சிட்டு, நடைமேடையின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தேன்.