சிங்கையில் ஒரு பச்சை விளக்கு

சிங்கப்பூரில் காணத் தக்கவை எவையென வினவினால், சிராங்கூன் சாலையையும், வீரமாகாளியம்மன் கோயிலையும், கடலோரத்தில் நீர் உமிழும் சிங்கச் சிலையையும் அன்பர்கள் கூறுவர். குடும்பத்துடன் மைத்துனர் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்த நாமும் அவற்றையெல்லாம் கண்டு களித்தோம். ஆயினும் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது ஒரு மோட்டார்ப் பந்தயப் பாதையே என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும்.

"அத்தான், இன்று மாலை உங்களுக்கு ஒரு பந்தயத் திடலைக் காட்டுகிறேன்" என்று மைத்துனர் அழைத்தார். திடலை எதிர்பார்த்துச் சென்ற நமக்குத் தெருக்களே காட்சியளித்தன! மரீனா விரிகுடாவை ஒட்டிய நகர வீதிகளே ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்கள் அடைக்கப்பட்டுப் பந்தயப் பாதையாகின்றன. வண்டிகளைச் செப்பனிடும் கட்டடமும் அதன் அருகிலுள்ள சிறு பகுதியும் மட்டுமே இதற்கெனக் கட்டப்பட்டவை. மாபெரும் இராட்டினத்தின் அருகே தொடங்கும் பாதை, பாடாங் புல்வெளியின் ஓரமாய்ச் சென்று, 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆண்டர்சன் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்கிடையே புகுந்து, எஸ்பிளனேட் பாலத்தின் வழியே திரும்புகிறது. ஒரு சுற்று ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், திருப்பங்கள் 19, மொத்தம் 62 சுற்றுகள். பந்தயம் நடைபெறுவது இரவில். இருபுறமும் சுவர்; ஒரு சாண் தவறினாலும் வண்டி நொறுங்கும்.

பாடாங்கில் சற்று நின்றோம். 1943-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் படையணியின் முன் நின்று "டில்லி நோக்கி" என்று முழங்கியது இப்புல்வெளியில்தான். அந்தப் படையில் சேர்ந்த மலாயாத் தமிழர் பலர். டில்லியிலேயே குடியிருந்து பிழைக்கும் நமக்கு அவ்விடத்தில் மெய்சிலிர்த்தது.

அதன் பின்னர், அவ்வீதிகளில் இத்தாலி நாட்டு ஃபெராரி குழுவினர் பெற்றதையும் இழந்ததையும் நடந்துகொண்டே மைத்துனர் விரித்துரைத்தார்.

2008 செப்டம்பர் 28. ஃபார்முலா ஒன் வரலாற்றில் இரவில் நடைபெற்ற முதல் பந்தயம். ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸா முதலிடத்தில் புறப்பட்டு முன்னணியில் சென்றுகொண்டிருந்தார். அப்போது ரெனோ குழுவின் வண்டியொன்று சுவரில் மோதியது. தம் தோழருக்கு வெற்றி கிட்டும்படி அவ்வோட்டுநர் வேண்டுமென்றே மோதினார் என்பது மறு ஆண்டில்தான் வெளிப்பட்டது. பாதுகாப்பு வண்டி வரவே, பலரும் எரிபொருள் நிரப்ப விரைந்தனர். பிற குழுக்களில் வண்டியின் முன் ஒருவர் கைப்பலகை பிடித்து நிற்பார். ஃபெராரியினரோ மின்விளக்கு அமைத்திருந்தனர். எரிபொருள் குழாய் வண்டியிலிருந்து கழலும் முன்பே பச்சை விளக்கு எரிந்துவிட்டது! மாஸா பாய்ந்தார், குழாயும் பிய்ந்து உடன் சென்றது. பணியாளர்கள் பின்னே ஓடிச் சென்று அதனை விடுவித்தனர். அவர் முடித்தது 13-ஆம் இடத்தில், புள்ளி ஏதுமில்லை. அவ்வாண்டின் உலகப் பட்டத்தை லூயிஸ் ஹாமில்டன் 98 புள்ளிகளுடன் வென்றார். மாஸா பெற்றவை 97.

இதைக் கேட்டதும் நாம் நடையை நிறுத்திவிட்டோம். நம் தந்தையார் சரக்கு வண்டிக் கார்டாக இருந்தவர். "பச்சைக் கொடி காட்டுவது எளிது; காட்டுமுன் திரும்பிப் பார்ப்பதுதான் உத்தியோகம்" என்பார். விளக்குக் காட்டுவது நம் பணியன்று. நாம் எழுதுகோல் பிடிப்பவர். எனினும் ஒருமுறை மாலை நேர அவசரத்தில், ஊர்ப் பெயரைச் சரிபாராது ஒரு பார்சல் சீட்டில் ஒப்பமிட்டோம். அதிலிருந்தது ஒரு மணமகளின் சீர்ப்பெட்டி. முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாளே அது போய்ச் சேர்ந்தது. பெண்ணின் தந்தை நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே இன்றளவும் உறுத்துகிறது. மாஸாவின் இழப்புக்குப் பிறர் செய்த சூதைப் பலர் காரணமாகக் கூறுவர். சூது சூதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பச்சை விளக்கு தன் வீட்டார் ஏற்றியதன்றோ?

ஃபெராரியினர் மீண்டும் கைப்பலகைக்கே திரும்பினர். 2010-இல் அதே வீதிகளில் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ முதற்சுற்று முதல் இறுதிச் சுற்று வரை முன்னின்று வென்றார். 2015-இல் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். 2017-இல் மறுபடியும் அவசரம்! மழை நனைத்த பாதையில் முதலிடத்தில் புறப்பட்ட வெட்டல் குறுக்கே நகர, வெர்ஸ்டப்பனின் வண்டி நடுவில் நெருக்குண்டது, ரைக்கோனனும் சிக்கினார். முதற்சுற்று முடியுமுன்பே ஃபெராரியின் இரு வண்டிகளும் வீழ்ந்தன. 2019-இல் வெட்டலும் லெக்லேரும் முதலிரண்டு இடங்களையும் கைப்பற்றி அக்கறையைத் துடைத்தனர்.

நான்காம் வெற்றியே நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. 2023-இல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் குழு வென்றது. எஞ்சிய ஒன்று சிங்கப்பூரில் ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ் வென்றது. எவ்வாறு வென்றார்? மெதுவாகச் சென்று! முன்வண்டிக்கு ஒரு விநாடிக்குள் பின்தொடர்பவர் பின்சிறகைத் திறந்து கூடுதல் வேகம் பெறலாம் என்பது அக்கால விதி. புதிய டயர்களுடன் இரு மெர்சிடிஸ் வண்டிகள் நெருங்கி வந்தன. சைன்ஸ் தம் வேகத்தைக் குறைத்து, இரண்டாமவரான லாண்டோ நாரிஸை அந்த ஒரு விநாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அவ்வலிமையால் நாரிஸ் பின்வந்தோரைத் தடுத்தார், போட்டியாளரே அரணானார்! துரத்தி வந்த ரஸல் இறுதிச் சுற்றில் சுவரில் மோதினார். சைன்ஸ் ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார்.

2025 வரை ஃபெராரி அங்கு பெற்ற வெற்றிகள் நான்கு. மெர்சிடிஸ் ஐந்து பெற்றுள்ளது. கணக்கில் ஃபெராரி முதலிடமன்று. ஆயினும் ஒரே தெருவில் அவசரத்தால் இழந்ததும் நிதானத்தால் பெற்றதும் ஒருங்கே எழுதப்பட்டிருப்பது அக்குழுவின் ஏட்டில்தான்.

இருட்டிவிட்டது. வீடு திரும்பச் சாலையோரம் நின்றோம். நடப்போர்க்கான பச்சை விளக்கு எரிந்ததும் நம் மகன் கையைப் பற்றி இழுத்தான். இருபுறமும் ஒருமுறை பார்த்த பின்னரே அடியெடுத்து வைத்தோம்.