கல் மாறினால் போதுமா?

குளிர் தேசங்களில் வீட்டைச் சூடாக்க வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வைப்பார்கள். மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். திருச்சி வெயிலில் அதற்கென்ன வேலை என்கிறீர்களா? அதே குணமுள்ள சாமான் நம் சமையலறையிலும் உண்டே, தோசைக்கல்!

பூச்சு உரிந்த 'ஒட்டாத' கல்லைக் கழித்துவிட்டு, மலைக்கோட்டைப் பக்கம் பெரிய கடைவீதியில் வார்ப்பிரும்புக் கல் வாங்கினேன். என்ன கனம்! முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. கூடவே என் பொறுமையும்.

"அவசரப்படாதேம்மா. தினம் எண்ணெய் தடவிக் காய வை, கல் பழகிவிடும்" என்றார் மாமியார்.

பழகுவது என்றால், எண்ணெய் சூட்டில் இறுகி மெல்லிய கறுப்புப் படலமாவதுதான். புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். ஈரம் தங்கினால் துருப் பிடிக்கும். பத்தாம் நாள் தோசை தானாக எழும்பிற்று.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. நானும் அதில் ஒருத்தி. புளித்த மாவில் இரும்புக் கல் சிறிது சத்துச் சேர்க்கலாம்; டாக்டர் தந்த மாத்திரைக்கு அது ஈடாகாது.

அதோடு, எல்லோருக்கும் வார்த்துவிட்டு மிஞ்சியதைத் தின்னும் வழக்கமும் மாற வேண்டும், சகோதரிகளே! எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கு ஒரு நாள் வார்க்கும் முறை. மாமியாரும் நானும் சூடாகவே சாப்பிடுகிறோம்.