பெயர் பரங்கியருடையது, ஊர் நம்முடையது

கிழக்குக் கடலோரம் நெடுக, முஸ்லிம்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஊர்கள் பல உண்டு. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று வடக்கிலிருந்து தெற்காக எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றுள் ஒன்று மட்டும் அன்னியர் பெயரைத் தன் பெயராகச் சுமந்து நிற்கிறது. அதுவே கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையில், வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த பரங்கிப்பேட்டை.

"பரங்கி" என்னும் சொல்லின் பயணமே ஒரு சுவையான வரலாறு. பிரான்சு நாட்டுக்குப் பெயர் தந்தவர்கள் "பிராங்க்" என்னும் இனத்தார். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த ஐரோப்பியர் அனைவரையும் அரபியர் "இஃப்ரஞ்ச்" என்றே அழைத்தனர். அச்சொல் பாரசீகத்தில் "ஃபரங்கி" ஆயிற்று. தமிழில் "பரங்கி" ஆயிற்று. சென்னையின் பரங்கிமலையும் நம் வீட்டு அடுப்படியில் வேகும் பரங்கிக்காயும் இந்தச் சொல்லின் பிள்ளைகளே. பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக ஒருநாளும் இருந்திராத இவ்வூர், பிரான்சின் பெயரையே வேராகக் கொண்டிருப்பது விந்தையன்றோ!

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறித் தெற்கே சென்றால், பு.முட்லூரில் கிழக்கு நோக்கி ஒரு சாலை பிரிகிறது. அதன் வழியே சில கிலோமீட்டர் சென்றதும் காற்றில் உப்பின் மணம் வீசத் தொடங்கும். பள்ளிவாசல்களின் மினாராக்கள் தென்படும். கடலூரிலிருந்து மொத்தத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். விழுப்புரம் – மயிலாடுதுறை இருப்புப்பாதையிலும் இவ்வூரின் பெயர் தாங்கிய நிலையம் உண்டு.

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. மணிமுத்தாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு வரும் அந்த ஆற்றின் வடகரையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது, எதிர்க்கரையில் கிள்ளை. கடல் ஏறும்போது ஆற்றுநீர் உவர்க்கும். மழைக்காலத்தில் வெள்ளம் அந்த உப்பைக் கடலுக்கே திருப்பி அனுப்பும். புயலுக்கு ஒதுங்க ஆற்றுமுகம், புறப்படக் கடல் என்று இரண்டும் வாய்த்ததால்தான் கப்பலோட்டிகள் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கீசியர் இங்கே வந்து குடியேறினர். "புதிய துறைமுகம்" என்னும் பொருளில் "போர்ட்டோ நோவோ" என்று பெயரிட்டனர். பின்னர் டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவராக வந்து பண்டகசாலை அமைத்தனர். துணியே இவர்களை ஈர்த்த பெருஞ்சரக்கு. ஆயினும் முஸ்லிம் வணிகர்கள் தங்கள் வழக்கில் இத்துறையை "மஹ்மூது பந்தர்" என்றே அழைத்தனர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். ஐரோப்பியர் ஆண்ட நாட்களிலும் நம் முன்னோர் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் சுமத்திராவின் அச்சேவுக்கும் சொந்தக் கப்பல்களில் துணி ஏற்றிச் சென்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டு இவ்வூருக்குச் சோதனைக் காலமாயிற்று. 1780-இல் மைசூர் ஹைதர் அலியின் படைப்பிரிவு ஒன்று இத்துறைமுகத்தைச் சூறையாடியது. மறு ஆண்டு ஜூன் திங்களில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதரின் வீரர்கள் காவல் புரிந்த சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். 1781 ஜூலை முதல் நாள் கடலோர மணற்குன்றுகளுக்கு அருகே பெரும்போர் மூண்டது. எட்டாயிரம் பேரளவிலான ஆங்கிலப் படை, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஹைதரின் படையை வென்றது. கரையோரம் நின்ற கப்பலிலிருந்து பாய்ந்த குண்டுகளும் ஆங்கிலேயருக்குத் துணை நின்றன.

பிரெஞ்சுக்காரர் வந்ததும் இந்நாட்களில்தான். ஹைதருக்குத் துணையாக, கடற்படைத் தலைவர் சுஃப்ரான் 1782-இன் தொடக்கத்தில் தம் படையை இக்கரையில் இறக்கினார். அப்படை மைசூர்ப் படையுடன் சேர்ந்து அவ்வாண்டு ஏப்ரலில் கடலூரைக் கைப்பற்றியது. 1783 மார்ச்சில் தளபதி புஸ்ஸியும் இங்கேதான் கரையிறங்கினார். சில மாதங்களில் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்தது, போர் ஓய்ந்தது. வந்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். எரிந்ததும் இழந்ததும் ஊருக்கே மிஞ்சின.

வாளுக்குப் பின் இரும்பு வந்தது. 1830-இல் ஜோசயா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொண்டுவந்து இங்கே உருக்காலை தொடங்கினார். இங்கு வார்த்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. வேல்சு நாட்டின் புகழ்பெற்ற பிரிட்டானியா பாலத்திலும் அது பயன்பட்டதாகச் சொல்வர். உலைக்குக் கரி வேண்டும்; கரிக்குக் காடு வேண்டும். சுற்றுவட்டாரத்து மரங்கள் குறையக் குறைய விறகின் விலை ஏறியது; ஆலை நலிந்து மூடப்பட்டது. ஆற்றுமுகத்து மணல்மேடு பெருங்கப்பல்களைத் தடுத்ததனால் துறைமுகத்தின் சிறப்பும் மங்கிற்று.

இன்று பரங்கிப்பேட்டை செல்வோர் காணத்தக்கவை யாவை? முதலில் மாலுமியார் அடக்கத்தலம். கப்பல் செலுத்துவோனைக் குறிக்கும் "முஅல்லிம்" என்னும் அரபுச் சொல்லே தமிழில் "மாலுமி" ஆயிற்று. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர் இவரைப் பெயர்பெற்ற கப்பல் தலைவர் என்று குறிக்கிறது. இவருக்குப் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் இருந்தனவென்றும், ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் தோன்றினாரென்றும் மக்கள் சொன்ன கதையையும் அது பதிவு செய்திருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கடலோடியின் நினைவை ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்தது என்பதே வரலாறு.

அடுத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் உள்ளது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் கடல்வாழ் உயிரினங்களைக் கண்டால் படைத்தவனின் கைவண்ணம் விளங்கும். அண்ணன்கோயில் மீன்பிடிதுறையில் படகுகள் வந்துசேரும் காட்சியும் காணத்தக்கது. ஆற்றுக்குத் தெற்கே கிள்ளையை அடுத்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் விரிந்துள்ளன. 2022-இல் இவை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. சுரபுன்னை மரங்கள் நீருக்குள் வேரூன்றி நிற்கும் ஓடைகளில் படகில் செல்லலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர் தந்த தில்லை மரமும் அங்கே வளர்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு சிறப்பும் இவ்வூருக்கு உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமிப் பேரலை இக்கரையைத் தாக்கியது. சாமியார்பேட்டை முதலிய மீனவக் குப்பங்கள் உருக்குலைந்தன. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தாரும் இளைஞர்களும் கரைக்கு விரைந்து, உயிரோடிருந்தவர்களை மீட்டனர். இறந்தவர்களின் உடல்களை மரியாதையோடு எடுத்துவந்தனர். பல நாட்கள் உணவும் தங்குமிடமும் அளித்தனர். உதவி பெற்றவர்களுள் பெரும்பாலோர் இந்து மீனவர்கள். எவரும் சமயம் கேட்கவில்லை. நான்கு நூற்றாண்டுகளாக வந்திறங்கியவர்கள் இக்கரையிலிருந்து எடுத்துச் சென்றார்கள். இங்கேயே வாழ்ந்தவர்கள் கொடுத்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். நான் ஊர் வரலாறு கேட்டு வந்திருப்பதறிந்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பழைய தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு குறிப்பேட்டை எடுத்து வைத்தார். ஓரங்களைச் செல் அரித்திருந்தது.

"எங்கள் பாட்டனார் கப்பலில் போய்வந்தபோது எழுதியது தம்பி. அரபுத்தமிழ். வாப்பா இருந்தவரை படித்துக் காட்டுவார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது, பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை" என்றார்.

நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அரபு எழுத்து, ஆனால் சொல் தமிழ். ஹிஜ்ரி ஆண்டு ஒன்று, சில சரக்குகளின் பெயர், யாருக்கோ தரவேண்டிய பாக்கி. அதற்கு மேல் ஏடு பொடிந்துவிட்டது.

அப்போதுதான் ஓர் உண்மை நெஞ்சில் தைத்தது. இவ்வூருக்கு வந்துபோன பரங்கியர் ஒவ்வொரு மூட்டைத் துணிக்கும் கணக்கு எழுதிவைத்தனர். அந்த ஏடுகள் இன்றும் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் அவர்களுடைய ஆண்டையும் நாளையும் இக்கட்டுரையில் என்னால் எழுத முடிந்தது. போகாமல் இங்கேயே வாழ்ந்த நம்மவர் வரலாறோ தகரப் பெட்டிகளில் செல்லுக்கு இரையாகிறது. ஊர் நம்முடையதாக இருந்தும் பெயர் அவர்களுடையதாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. குர்ஆன் ஓதக் கற்ற எந்தப் பிள்ளையும், தமிழ் ஒலிகளுக்கென்று சேர்த்த சில எழுத்துக்களைத் தெரிந்துகொண்டால், அரபுத்தமிழை வாசித்துவிடலாம். வீட்டிலுள்ள பழைய ஏடுகளையும் மீஸான் கற்களிலுள்ள எழுத்துக்களையும் இன்றைய கைபேசியில் படமெடுத்து வைக்கலாம். 2004-இல் கரைக்கு ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதிவைக்கலாம்.

மக்ரிபுக்கு நேரமாகிவிட்டதால் விடைபெற்றேன். பெரியவரின் பேரன் பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்தான். வழியில், "அந்த எழுத்தை எனக்கும் கற்றுத் தருவீர்களா மாமா?" என்று கேட்டான். அடுத்த மாதம் வருவதாக வாக்களித்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.